மாதிரிக்கு ஆஞ்சலா

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியிலிருந்து வந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை. செய்யவும் வேண்டியதில்லை, ஏனென்றால் அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. நேற்று மத்தியானம்கூட வந்தது. ஆங்கிலத்தில் வரும். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"அன்புள்ள ஆஞ்சலா, நீண்ட நாள் வராததால் பள்ளி வருகைப் பதிவிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டது. இனி வகுப்புக்கு வர வேண்டாம்."

ஆஞ்சலா என் பெயர் அல்ல. செய்தியில் வருவது என் சொந்தப் பெயர். இங்கே அதை எடுத்துவிட்டு ஆஞ்சலா என்று போட்டிருக்கிறேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் மாதா கோவிலில் மட்டும் இந்தப் பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பெயரை எடுக்கும் முன் கேட்பதுதான் முறை என்று பட்டது. கொயரில் பாடுகிற ஆஞ்சலாவைப் பூசை முடிந்ததும் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். எதற்கு என்றாள். ஒரு கதைக்கு என்றேன். "நல்ல பொண்ணா, கெட்ட பொண்ணா?" "கோவமான பொண்ணு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ வெச்சுக்கோ" என்றாள்.

கேட்பது அவ்வளவுதான். படியிறங்குகிற நேரம்கூட ஆகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதையில் வரப்போகும் க்ளென் என்பதும் அவன் பெயர் அல்ல. அவனிடம் நான் கேட்கவில்லை.

இந்தக் கதையில் இருப்பது ஒரே கேள்வி. திங்கட்கிழமை க்ளென் என் பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்து, தான் செய்ததைத் தன் வாயால் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் சொல்வானா? சொன்னால் நான் மறுபடி ஒன்பதாம் வகுப்பில் உட்காரலாம். சொல்லாவிட்டால் இல்லை. மீதி எல்லாம் இதற்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதலில் எழுதியது:

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் கீழே மழைக்கு ஒதுங்கி நின்ற அந்தச் சிறுமியின் கண்களில்—

யார் அந்தச் சிறுமி? நான் மேம்பாலத்தின் கீழே நின்றதே இல்லை. அன்று மழையும் இல்லை. துக்கமான பெண் வந்தவுடன் ஏன் மழையைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இரண்டாவது:

திறந்த மூல மென்பொருள் என்பது யாவருக்கும் பொதுவான—

இது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. அதனால் என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒருவர் ஒரு கணினி நிரலை எழுதுகிறார். அதை விற்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்துவிடுகிறார். கூடவே, இதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு விளக்கக் குறிப்பும் எழுதி வைக்கிறார். அந்தக் குறிப்பில் பத்தி பத்தியாக விளக்கம் இருக்கும். நடுவில் ஓர் உதாரணம் இருக்கும். 'பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் போடு' என்று சொன்னால் யாருக்கும் புரியாது, ஆகவே ஒரு பெயரைப் போட்டே காட்டுவார்கள்.

விளக்கத்தை யாரும் படிப்பதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே வந்து உதாரணத்தில் நிற்பார்கள். அதை அப்படியே நகல் எடுத்து, ஒட்டி, ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் டீ குடிக்கப் போவார்கள். பெயரை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. சிலர் அப்போதும் மாற்றுவதில்லை.

(இது நானாகச் சொல்வதல்ல. க்ளென் சொன்னது. அவனுடைய சொற்பொழிவின் முதல் வரியே இதுதான். சொற்பொழிவு பின்னால் வருகிறது.)

க்ளென் என் பெரியப்பா மகன். ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. நேரில் அவனை 'அண்ணா' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிடுவேன், இன்றுவரைக்கும். இந்தக் கதையில் மட்டும் 'அவன்'. என்னால் முடிந்த மரியாதைக்குறைவு இவ்வளவுதான்.

3

இரண்டு வருடம் முன்பு. நான் ஒன்பதாவது. மம்மிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். டாடி நான் ஆறாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் நானும் மம்மியும்தான். மம்மி கம்மனஹள்ளியில் ஒரு கடைக்குக் கல்யாண கவுன் தைத்துக் கொடுப்பார். வெள்ளைத் துணியில் மணி கோக்கிற வேலை. குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். கஞ்சி வைத்தேன். வாளி தூக்கினேன். சாயங்காலம் மம்மி சொல்லச் சொல்ல மணி கோத்தேன்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பேச ஒரு ஃபோன் வேண்டுமே என்று க்ளென் தன்னுடைய பழைய ஃபோனையும், அதில் கிடந்த பழைய சிம்மையும் கொடுத்தான். அதுவரை எங்களிடம் இருந்தது மம்மியின் பொத்தான் ஃபோன். அதில் பாதி எழுத்து தெரியாது. பள்ளியிலும் இந்தப் புது எண்ணையே கொடுத்துவிட்டு வந்தேன்.

மம்மி எழுந்து நடமாடத் தொடங்கினார். சாம்பல் புதன் வந்தது. காலையில் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து, யூனிஃபார்மை இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்தேன். வியாழக்கிழமை பள்ளிக்குப் போவதாக இருந்தேன்.

அப்போது அந்தச் செய்தி வந்தது. அன்புள்ள ஆஞ்சலா.

அதில் பள்ளியின் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. 'நீண்ட நாள் வராததால்' என்று இருந்தது. நான் நீண்ட நாள் போகவில்லை. வேறு என்ன வேண்டும்? ஒரு செய்தியை நம்புவதற்கு அதில் நம் பெயரும் நம் குற்றமும் சரியாக இருந்தால் போதும்.

இஸ்திரி போட்டதை மடித்து உள்ளே வைத்தேன். மம்மிக்கு ஆங்கிலம் வராது. தையல் பிரித்த புண் இன்னும் ஆறவில்லை. உன்னால்தான் என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? படிப்பு ஏறவில்லை, இனிமேல் போகமாட்டேன் என்றேன். மம்மி திட்டினார், அழுதார், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். பிறகு ஊசியை என் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் அதே செய்தி மறுபடியும் வந்தது. வேறு ஏதோ எண்ணிலிருந்து. பிறகு இன்னொன்று. ஒரு தரம் சொன்னால் போதாதா என்று நினைத்தேன். வெளிநாட்டு எண்களிலிருந்தெல்லாம் வந்தது. அவமானப்படுத்துவதற்கு என்றே பள்ளியில் யாரோ ஆள் வைத்து அனுப்புகிறார்கள் என்றுகூட நினைத்தேன். கடைசியில், தெரியாத எண் எதுவும் வராதபடி ஃபோனில் அடைத்துவிட்டேன்.

(அந்த அடைப்பில் பள்ளியின் எண்ணும் சேர்ந்து அடைபட்டது. அதை நான் பெயர் போட்டுப் பதிந்து வைத்திருக்கவில்லை. சிஸ்டர் ஏப்ரல் வரை கூப்பிட்டிருக்கிறார்.)

4

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று சொல்வீர்கள். எனக்குத் தெரியும். வாய்க்குள்ளேயாவது சொல்லியிருப்பீர்கள்.

'போய் ஒரு தடவை கேட்டிருக்கலாமே.'

மம்மி சொன்னார். சிஸ்டர் சொன்னார். க்ளென் சொன்னான், அவன் சொன்னதுதான் உச்சம். பெயர் கொடுத்த ஆஞ்சலாகூடச் சொன்னாள்.

என்னைக் கேட்டால், இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள். 'மே ஐ கம் இன் சிஸ்டர்' என்று சொல்வதற்கு முன்னால் வாசலில் நின்று பத்துத் தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தவர்கள் அல்ல. வர வேண்டாம் என்று எழுத்தில் வந்த பிறகு, ஏன் வர வேண்டாம் என்று கேட்கப் போகிற பெண்ணை நான் இந்தக் கதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். எழுதியும் பார்த்தேன்:

ஆஞ்சலா விறுவிறுவென்று ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் நுழைந்து, ஃபோனை மேசைமேல் வைத்து, "இதற்கு என்ன அர்த்தம்" என்று

அதோடு நின்றுவிட்டது. அது நான் அல்ல. கொயர் ஆஞ்சலா வேண்டுமானால் அப்படிச் செய்வாள். ஆனால் செய்தி அவளுக்கு வரவில்லை.

ஒரு தப்பான கடிதம் பத்துப் பேருக்குப் போனால் ஒன்பது பேர் போய்க் கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். பத்தாவது ஆள் கேட்க மாட்டாள். கேட்காதது அவள் குணம். கடிதம் அனுப்பியது அவள் குணம் அல்ல. இந்த இரண்டையும் எல்லாரும் ஒரே கணக்கில் போடுகிறார்கள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

5

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடித்து க்ளென் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மடிக்கணினியும் கொண்டுவந்திருந்தான். அடுத்த சனிக்கிழமை ஒரு கூட்டத்தில் பேசப்போகிறான். அவனைப்போல நிரல் எழுதி இலவசமாகக் கொடுக்கிறவர்கள் கூடுகிற கூட்டம். தலைப்பு, 'நல்ல உதாரணம் எழுதுவது எப்படி'. எங்கள் முன்னால் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்றான். மம்மிக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கவுனை மடியில் வைத்துக்கொண்டு, படித்த பிள்ளை பேசுகிறான் என்று உட்கார்ந்தார்.

அவன் எழுதிய நிரல் பள்ளிகளுக்கானது. பிள்ளைகள் வகுப்புக்கு வராவிட்டால் அது தானாகவே வீட்டுக்குச் செய்தி அனுப்பும். பிள்ளைகள் பாதியில் படிப்பை விடாமல் தடுக்கத்தான் இதை எழுதினேன் என்றான். நூற்றுக்கணக்கான பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்களாம்.

நல்ல உதாரணம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான். எப்போது பார்த்தாலும் வெள்ளைக்காரன் பெயர்தானா, நம் ஊர்ப் பிள்ளையின் பெயரைப் போட வேண்டும் என்றான். நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்றான். ஒரு பள்ளியின் இணைய முகவரியை உதாரணத்தில் போடும்போது உண்மையான முகவரியைப் போட்டுவிடக் கூடாது. உதாரணத்துக்கென்றே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகவரியை உலகம் முழுக்க ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத யாருக்கோ தொந்தரவு போகும் என்றான். நல்ல விஷயமாக இருக்கிறதே என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆஞ்சி, இங்க வா மா. உன் பேரு எங்க இருக்கு பாரு," என்றான்.

போய்ப் பார்த்தேன். பெயர்: ஆஞ்சலா. வகுப்பு: ஒன்பது. வந்த நாட்கள்: பூஜ்யம். ஃபோன் எண்: என் எண். செய்தி: அன்புள்ள ஆஞ்சலா, நீண்ட நாள் வராததால்.

அதன் மேலே பள்ளியின் முகவரி இருந்தது. அவன் சொன்னபடியே, யாருக்கும் சொந்தமில்லாத முகவரி.

பள்ளிக்கு இல்லாத முகவரி. எனக்கு இருக்கிற எண். இதை அவன் ஒரே திரையில், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்து, நல்ல உதாரணம் என்று காட்டினான்.

"பாத்தியா? ஜெர்மனி, பிரேசில்ல எல்லாம் உன் பேரு தெரியும்," என்றான்.

6

க்ளெனை எனக்கு எழுத வரவில்லை. கெட்டவனாக எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும். எழுதினேன்: க்ளென் எகத்தாளமாகச் சிரித்தான். அவன் எகத்தாளமாகச் சிரிக்கவில்லை. சந்தோஷமாகச் சிரித்தான். அவனுக்கு எகத்தாளம் வராது. மம்மியை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனவன் அவன். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்துக் கிடந்தவன் அவன். ஈஸ்டருக்கு எனக்கும் மம்மிக்கும் துணி எடுத்துக் கொடுப்பான்.

வாசகர்களே, நல்லவன் மேல் கோபப்படுவது எவ்வளவு அசிங்கமான வேலை தெரியுமா? கெட்டவன் மேல் கோபப்பட்டால் ஊரே கூட வரும். நல்லவன் மேல் கோபப்பட்டால் நம்மைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அவன் எகத்தாளமாகச் சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

[இங்கே அவனுடைய உண்மையான ஃபோன் எண்ணை எழுதினேன். முழுசாக எழுதினேன். அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அடித்தேன். நல்ல மனசால் அல்ல. எனக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசமாவது இருக்க வேண்டும் என்பதால்.]

7

மம்மி உள்ளே சாதம் வடிக்கப் போனபோது கேட்டேன். வாழ்நாளில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அண்ணா, இத பாத்து எல்லாரும் என் நம்பருக்கு அனுப்பறாங்களா?"

அவனுக்கு முகம் மாறியது. உதாரணத்தை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் சிலர் இருப்பார்கள், பெரும்பாலும் செய்தி அனுப்பும் வசதிக்குப் பதிவு செய்திருக்க மாட்டார்கள், போயிருக்காது என்று என்னவோ சொன்னான். ஃபோனை எடுத்து, அடைபட்ட செய்திகள் போய் விழுகிற பெட்டியைத் திறந்து காட்டினேன். அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். வரிசை முடியவே இல்லை.

"ஐயோ," என்றான். "நீ சொல்லவே இல்லையே மா."

"மொத மெசேஜ் சாம்பல் புதன் அன்னிக்கு வந்துச்சு. அப்போ இது வெளிய வந்துடுச்சா?"

அவன் தேதியைத் தேடிப் பார்த்தான். நிரலை இணையத்தில் வைத்தது அதற்கு அடுத்த நாள்.

"அப்போ மொத மெசேஜ யாரு அனுப்பினது?"

இந்த இடத்தில் நான் பல பேரை வைத்துப் பார்த்தேன். பெயர் தெரியாத பிரேசில்காரனை வைத்தேன். கோரமங்களாவில் ஹாஸ்டலில் இருக்கிற ஒரு பையனை வைத்தேன். யாரோ தெரியாதவனாக இருந்துவிட்டால் கதை சோகமாக முடியும், நாகரிகமாக இருக்கும்.

"டெஸ்ட் பண்ணாம எப்பிடி மா வெளிய விடறது," என்றான் க்ளென்.

அவன் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டேன்.

"நம்பர் எனக்கு மனப்பாடம். என் பழைய சிம் தானே. கை தானா அடிச்சுடுச்சு. உன் பேரு ஏன்னா, நீ அப்போ ஸ்கூல் போகாம இருந்த இல்ல, உன்ன நெனச்சிட்டுத்தான் இந்த ஐடியாவே வந்துச்சு. டெஸ்ட் மெசேஜ்னு உனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லல."

"மறந்துட்டேன் மா."

அவன் நிரலில் மூன்று விதச் செய்தி இருந்தது. 'இன்று உங்கள் பிள்ளை வரவில்லை' என்று ஒன்று. 'பல நாளாக வரவில்லை, என்ன பிரச்சினை, பள்ளிக்கு வந்து பேசுங்கள்' என்று ஒன்று. 'நீக்கப்பட்டது' என்று ஒன்று. ஏன் மூன்றாவதை உதாரணத்தில் போட்டான் என்றும் கேட்டேன். மற்ற இரண்டும் நீளம். அதுதான் திரையில் அடங்கியது என்றான்.

இரண்டாவதைப் போட்டிருந்தால் நான் மம்மியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போயிருப்பேன்.

மம்மி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மெதுவாக, "படிப்பு ஏறலன்னு சொன்னியே டீ," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அன்று க்ளென் சாப்பிடாமல் போனான். யாரும் இரு என்று சொல்லவில்லை.

8

அவன் வீட்டுக்குப் போன உடனே உதாரணத்தை மாற்றிவிட்டான். ஆஞ்சலா இருந்த இடத்தில் 'டெஸ்ட் யூசர்'. எண்ணுக்கு வரிசையாகப் பூஜ்யம். "எடுத்தாச்சு மா, சாரி" என்று செய்தி அனுப்பினான்.

இப்படிப் பொதுவில் இருக்கிற நிரலில் எதை மாற்றினாலும், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். எல்லாரும் பார்க்கலாம். நான் பார்த்தேன். அவன் எழுதியிருந்தது: 'உதாரணத்தில் சிறு திருத்தம்.'

சிறு திருத்தம்.

சனிக்கிழமை கூட்டத்தில் பேசவும் பேசினான். கைதட்டினார்களாம். என் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன் என்று எனக்கு ஆறுதல் மாதிரிச் சொன்னான். நடந்ததைச் சொன்னியா என்று மம்மி கேட்டார். அங்கே எப்படிச் சித்தி அதையெல்லாம், வயசுக்கு வராத பிள்ளையோட நம்பரைப் பொதுவில் போட்டேன்னு ஆயிடும், வேலைக்கே பிரச்சினை என்றான்.

ஏற்கெனவே எடுத்துப்போனவர்களிடம் பழைய உதாரணமே இருக்கிறது. அதை அவனால் மாற்ற முடியாது. அந்த நகலிலிருந்து நகல் எடுப்பார்கள். நான் அறுபது வயதில் உட்கார்ந்திருக்கும்போதும் எங்கேயோ ஒருவன் ஒரு மத்தியான வேளையில் என்னை ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீக்குவான்.

மம்மி என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மங்களூர்க்காரர். தமிழைக் கன்னடம் கலந்து பேசுவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மம்மி தனக்குப் புரிந்தவரை சொன்னார். "யாக்கே, ஏன் மா, ஒரு தடவ வந்து கேக்கக் கூடாதா?" என்றார் சிஸ்டர். அவரும்.

பிறகு சொன்னார். நாங்கள் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. எவ்வளவோ தடவை கூப்பிட்டோம். கடைசியில் 'தானாகவே நின்றுவிட்டாள்' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டோம். இப்போது பதினாறு வயதுப் பெண்ணை ஒன்பதாவதில் உட்கார வைக்க நான் மேலே பேச வேண்டும். தானாக நின்ற பிள்ளைக்காகப் பேசினால் கேட்க மாட்டார்கள். ஏமாந்து நின்றாள் என்றால் பேசலாம். ஆனால் அதை நீயும் உன் மம்மியும் சொன்னால் போதாது.

"அந்த அண்ணன் வந்து என் முன்னால சொல்லட்டும். நான் அவர ஒண்ணும் பண்ண மாட்டேன். நடந்தத சொல்லட்டும், போதும். திங்கட்கிழமைக்கு மேல என்னால சேத்துக்க முடியாது."

நின்றுவிட்டாள். இரண்டு வருடமாக என்னைப் பற்றி இருக்கிற ஒரே வாக்கியம். அதில் க்ளென் எங்கேயும் இல்லை.

9

முடிவுகள். எழுதி வைத்திருக்கிறேன், எதுவும் நிற்கவில்லை.

ஒன்றில் க்ளென் கூட்டத்தின் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, எல்லார் முன்பும் சொல்கிறான். அரங்கம் எழுந்து நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. அரங்கம் யாருக்காக எழுந்து நிற்கிறது? அவனுக்காக. நான் அந்த முடிவிலும் வீட்டில் மணி கோத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றில் நான் எல்லாவற்றையும் மன்னித்து, இரவு வகுப்பில் சேர்ந்து, பெரிய ஆளாகி, அவனைவிடப் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில்— மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. பெரிய ஆளாகிக் காட்டினால்தான் செய்தது தப்பு என்று ஆகுமா? மணி கோத்தே கிழவியானால் அது சரி என்று ஆகிவிடுமா?

மூன்றாவது வேண்டாம். அதில் ஒருவர் செத்துப்போகிறார்.

10

திங்கட்கிழமை க்ளென் வந்தான். வருவான் என்று நான் எழுதவில்லை, அவனே வந்தான். ஆபீஸுக்குப் போகிற சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பாதியில் கிளம்ப வேண்டும் என்பதுபோல வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தான்.

சிஸ்டர் அவனை உட்காரச் சொன்னார். மம்மியும் உட்கார்ந்தார். நான் நின்றேன். சொல்லுங்க என்றார் சிஸ்டர்.

க்ளென் சொன்னான். ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சு சிஸ்டர் என்றான். டாக்குமென்டேஷன்ல சாம்பிள் டேட்டா இருக்கும், அதை எண்ட் யூசர்ஸ் கான்ஃபிகர் பண்ணாம ரன் பண்ணிட்டா கேட்வே வழியா டிரிகர் ஆக வாய்ப்பிருக்கு, அப்படி ஆகியிருக்கலாம் என்றான். இதில் குறிப்பிட்டு யாரையும் சொல்ல முடியாது என்றான். ஓப்பன் சோர்ஸில் இதெல்லாம் சகஜம் என்றான். நீளமாகப் பேசினான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் புதனைச் சொல்லவில்லை.

சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். ஒரு வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்றாரு? எனக்கு அர்த்தம் ஆகல. நீ சொல்லு."

எனக்கு எல்லாம் தெரியும். சிஸ்டருக்குப் புரிகிற மாதிரி நாலு வரியில் சொல்ல முடியும். உங்களுக்குச் சொன்னேனே. வாயைத் திற, வாயைத் திற என்று பிறந்ததிலிருந்து எல்லாரும் என்னைச் சொல்லியிருக்கிறார்கள். மம்மி என் முழங்கையைத் தொட்டார். க்ளென்கூட என்னைப் பார்த்தான், 'நீயே சொல்லிடு மா' என்கிற மாதிரி. நான் சொன்னால் அவனுக்கு வேலை முடிந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆபீஸ் போகலாம்.

"அவரே சொல்லட்டும் சிஸ்டர்," என்றேன்.

சிஸ்டர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார். க்ளென் சாவியை மேசைமேல் வைத்தான். வாயைத் திறந்தான்.

இங்கே நிறுத்துகிறேன். அவன் அடுத்து என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு வருடமாக எல்லாரும் எனக்கு வாக்கியம் எழுதினார்கள். இன்னொருவருக்கான வாக்கியத்தை நான் எழுதித் தரமாட்டேன், அவனுக்கு நிச்சயமாகத் தரமாட்டேன். போய்க் கேட்டிருக்கலாமே என்று சொன்னீர்களே, அந்த அறைக்குள் இப்போது நீங்கள் போங்கள். அவனுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'ஆகிவிட்டது' என்று எழுதாதீர்கள். 'நடந்திருக்கலாம்' என்று எழுதாதீர்கள். அவனை நல்லவனாகக் காட்டப் பக்கத்தில் எதையும் ஒட்டாதீர்கள். 'நான்' என்று தொடங்குங்கள்.

சிஸ்டர் காத்துக்கொண்டிருக்கிறார்.